கோவையில் வாடகை வீடு தேடும் வேலையை வீட்டிலிருக்கிற ராஸ்பெரி பை என்கிற சின்னக் கணினியிடம் கொடுத்துவிட்டேன், விண்ணப்பத்தையும் அதுவே அனுப்பலாமா?

டூலெட்_தேடி · செவ்வாய், இரவு 10.52

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்க. எனக்கு வேலை சரவணம்பட்டியில், வீட்டம்மாவுக்குக் கருமத்தம்பட்டி பக்கம் ஒரு பள்ளியில். குடியிருப்பது சுந்தராபுரம். ஊரின் தெற்கு மூலையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வடக்கேயும் ஒருவர் கிழக்கேயும் தினமும் படையெடுக்கிறோம். காளப்பட்டி, நேரு நகர், சின்னியம்பாளையம், நீலாம்பூர் என்று அந்தப் பக்கம் எங்காவது இரண்டு படுக்கையறை வீடு, வாடகை பதினாறாயிரத்துக்குள், நல்ல தண்ணி ஒழுங்காக வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. இரண்டு மாதம் கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினேன். ஒரே வீட்டை நாலு புரோக்கர் நாலு வாடகைக்குப் போடுகிறார்கள், போன வாரமே போய்விட்ட வீடு இன்றைக்கும் 'புதியது' என்று மேலே நிற்கிறது, 'ஏர்போர்ட் பக்கம்' என்று போட்ட வீட்டைப் பார்க்கப் போனால் அரசூர் தாண்டிக் கூட்டிப்போகிறார்கள்.

கடுப்பில் மூன்று சனி ஞாயிறு உட்கார்ந்து ஒரு கருவி எழுதினேன். பழைய ராஸ்பெரி பை 4, பைத்தான் நிரல், எஸ்க்யூலைட் தரவுத்தளம், அரை மணிக்கு ஒருமுறை நிரலைத் தானாக ஓட்டும் கிரான். மூன்று வாடகை வீட்டு இணையதளங்களைப் பார்க்கிறது, புதிய விளம்பரம் வந்தால் முகவரியை வரைபடத்தில் தேடி, இரண்டு பேர் வேலைக்கும் போகிற நேரத்தைக் கணக்குப் போட்டு, தேறினால் டெலிகிராமில் எங்கள் இருவருக்கும் செய்தி அனுப்புகிறது. எல்லாம் என் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது, யாருக்கும் மாதச் சந்தா இல்லை.

அடுத்ததாக, உலாவியைத் தானாக இயக்கும் பிளேரைட் வைத்து 'உரிமையாளரைத் தொடர்புகொள்' பட்டனையும் அதுவே அழுத்தி, எங்களைப் பற்றி நாலு வரியையும் அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். நான் மீட்டிங்கில் இருக்கும்போதே விண்ணப்பம் போய்விடும். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செமிகோலன் · செவ்வாய், இரவு 11.30

முதலில் அந்த அரை மணிக் கிரானை நிறுத்துங்கள். இன்றைக்கு 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய்) வரும், நாளைக்கு 403 (அனுமதி இல்லை) வரும், அப்புறம் தளக்காரர்கள் பக்கத்தின் அமைப்பை மாற்றியதும் உங்கள் செலக்டர் (பக்கத்தில் எந்த இடத்தை எடுப்பது என்ற குறிப்பு) எல்லாம் காற்றை அள்ளிக்கொண்டு வரும். பிழைச் செய்திகூட வராது, 'புதிய வீடு இல்லை' என்று பை நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். இப்படி எனக்கு ஒன்பது நாள் போனது, ஊரில் வீடே காலியாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான தளங்கள் தேடலைச் சேமித்து வைத்தால் புதிய வீடு வரும்போது மின்னஞ்சல் அனுப்பும். அதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, ஐமேப் (அஞ்சல் பெட்டியை நிரல் படிக்கும் முறை) வழியாக அந்தப் பெட்டியை மட்டும் உங்கள் பை படிக்கட்டும். அவர்கள் உங்களுக்கென்றே அனுப்புகிற தகவல், யார் கதவையும் தட்டவேண்டியதில்லை. அப்புறம் ஒரு 'உயிரோடு இருக்கிறேன்' செய்தி வையுங்கள்: இன்றைக்கு எத்தனை அஞ்சல் வந்தது, எத்தனையைப் படிக்க முடிந்தது, எத்தனையைப் படிக்க முடியவில்லை. மூன்றாவது எண்தான் முக்கியம்.

சட்டப்புள்ளி · புதன், காலை 7.15

செமிகோலன் சொன்னதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினியிலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ தரவைப் பதிவிறக்குவதையும் எடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக வைத்திருக்கிறது. உங்கள் ஒரு வீட்டுத் தேடலுக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பீர்கள், சரி. ஆனால் தளத்தின் விதிமுறையில் தானியங்கிக்குத் தடை என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டாவது செய்யுங்கள்.

இன்னொன்று. வீட்டு உரிமையாளர்களின் பெயரும் எண்ணும் உங்கள் எஸ்க்யூலைட்டில் சேர்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ வைத்துக்கொள்வதை விட்டுவிடுகிறது. நன்றாக ஓடுகிறதே என்று ஆபீஸ் நண்பர்கள் இருபது பேருக்குத் திறந்துவிட்டால் அது வீட்டுக் காரியமாக இருக்காது. வீடு கிடைத்ததும் அந்த அட்டவணையை அழித்துவிடுங்கள்.

பனியன்துணி · புதன், காலை 9.02

திருப்பூரிலிருந்து ஒரு சிரிப்பு. இங்கே எங்கள் காம்பவுண்டில் ஒரு லைன் வீடு காலியானால் அன்று சாயந்திரமே பக்கத்து வீட்டுக்காரரின் ஒறம்பரை ஒருவர் சாமான் இறக்கிவிடுவார். விளம்பரமாவது, தளமாவது. என் சித்தப்பா பதினாலு வீடு வைத்திருக்கிறார், இதுவரை ஒரு போட்டோ எடுத்ததில்லை. உங்கள் பை எந்தத் தளத்தில் போய் அதைத் தேடும்?

டூலெட்_தேடி · புதன், மதியம் 1.40

@பனியன்துணி அது நிஜம்தாங்க. ஆனால் எனக்குக் காளப்பட்டியில் ஒறம்பரை இல்லையே.

@செமிகோலன் ஐமேப்புக்கு மாறிவிடுகிறேன். மூன்றில் இரண்டு தளங்கள் அஞ்சல் அனுப்புகின்றன, மூன்றாவதை விட்டுவிட்டேன்.

யாராவது இதே வழியில் வந்தால் உதவும் என்று, இதுவரை நான் முட்டிக்கொண்ட இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஊர்ப்பெயர். சரவணம்பட்டியை ஆங்கிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள், கடைசியில் 'டி' எத்தனை என்பதிலேயே நாலு வகை. இதற்கு நானே கையால் ஒரு பட்டியல் எழுதினேன், அறுபது பகுதிக்குப் பெயர் வேறுபாடுகள். அது போதும் என்று பார்த்தால் ராமநாதபுரம் வந்தது. திருச்சி ரோட்டில் இருக்கிற நம்ம ராமநாதபுரத்து வீட்டை, முகவரியை வரைபடத்தில் தேடித் தரும் நாமினேட்டிம் சேவை கொண்டுபோய் ராமேஸ்வரம் பக்கத்து மாவட்டத் தலைநகரில் வைத்துவிட்டது, வேலைக்குப் போகிற நேரம் ஆறு மணிக்கு மேல் என்று காட்டியது. வியூபாக்ஸ் (தேட வேண்டிய எல்லைக் கட்டம்) கொடுத்து, அதற்கு வெளியே போகாதே என்கிற பவுண்டட்டையும் 1 என்று போட்ட பிறகுதான் தேடல் கோவை எல்லைக்குள் அடங்கியது. பொது நாமினேட்டிமை நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதி, அதனால் ஒருமுறை கேட்ட முகவரியைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, தூரம். முதலில் நேர்க்கோட்டுத் தூரம் போட்டேன். விமான நிலையத்துக்கு வடக்கே இருக்கிற ஒரு வீடு அவிநாசி ரோட்டுக்குப் பக்கத்தில் என்று காட்டியது. பக்கம்தான், நடுவில் ஓடுபாதை. பறந்து போகிறவர்களுக்கு வசதியான வீடு. இப்போது ஓஎஸ்ஆர்எம் என்கிற வழி கண்டுபிடிக்கும் நிரல் வைத்துச் சாலை வழியாகக் கணக்குப் போடுகிறேன். ஜியோஃபேப்ரிக் தளத்தில் தென்னிந்தியாவுக்குத் தனி வரைபடக் கோப்பு கிடைக்கிறது, அதை ஆஸ்மியம் கருவியில் கோவை, திருப்பூர் அளவுக்கு வெட்டி மடிக்கணினியில் தயார் செய்து பையில் போட்டேன், முழுசாகப் போட்டால் பை மூச்சு முட்டிவிடும். ஓஎஸ்ஆர்எம்முக்குக் காலை நெரிசல் தெரியாது. எட்டரை மணிக்கு சத்தி ரோட்டில் கணபதியைக் கடக்கிற வழி என்றால் நானே ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்கிறேன். அறிவியல் இல்லை, அனுபவம்.

மூன்று, ஒரே வீடு பல விளம்பரம். இதற்கு டிஹாஷ், அதாவது படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி. படத்தை 9க்கு 8 புள்ளியாகச் சுருக்கிக் கருப்பு வெள்ளையாக்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில் எது வெளிச்சம் என்று பார்த்தால் 64 பிட் கிடைக்கும், இரண்டு படங்களுக்கு நடுவே எத்தனை பிட் வேறு என்று எண்ணினால் போதும். தளத்தின் வாட்டர்மார்க் இருந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாட்டிக்கொண்டேன், ஒரே பில்டர் கட்டிய எல்லா வீட்டுச் சமையலறையும் ஒன்றுபோலவே இருக்கிறது. இப்போது இரண்டு படங்களாவது பொருந்தி, பகுதியும் ஒத்துப்போனால்தான் ஒரே வீடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஈரோட்டு_மஞ்சள் · புதன், மாலை 6.25

டிஹாஷுக்கு இன்னொரு பயன் உண்டு. அதே ஹால் படம் ஈரோட்டிலும் ஓசூரிலும் வேறு வேறு பெயரில் வந்தால் அது மோசடி. எனக்கு ஒன்று வந்தது: பெருந்துறை ரோட்டில் அருமையான வீடு, பாதி வாடகை, உரிமையாளர் ராணுவத்தில் இருக்கிறாராம், வட மாநிலத்தில் பணியாம், சாவி வேண்டுமானால் முன்பணமாம். அனுப்பிய க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் 'வரும்' என்கிறார். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் போட வேண்டியதே இல்லை, போடச் சொன்னாலே அது நம் பணம் வெளியே போகிற வழி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். உங்கள் கருவியில் 'வீட்டைப் பார்க்கும் முன்பே பணம்' என்று ஒரு சிவப்புக் கொடி வையுங்கள்.

பெர்லின்ல_ஒரு_பொள்ளாச்சி · வியாழன், அதிகாலை 2.10

விண்ணப்பத்தைத் தானாக அனுப்புவது பற்றிக் கேட்டீர்கள். நான் அதைச் செய்தவன், கோவையில் இல்லை, பெர்லினில். இங்கே ஃபிளாட்ஹன்டர் என்று ஒரு திறந்த மூலக் கருவி இருக்கிறது, பைத்தானில் எழுதியது, ஜெர்மன் வீட்டுத் தளங்களைப் பார்த்து டெலிகிராமில் தட்டும். அதன் மேல் நானே அனுப்பும் பகுதியையும் ஒட்டினேன். காரணம், இங்கே நல்ல வீடு ஒன்று வந்தால் அரை மணியில் விளம்பரத்தையே எடுத்துவிடுவார்கள், அதற்குள் அத்தனை விண்ணப்பம் குவிந்திருக்கும். வேகம்தான் எல்லாம்.

ஆனால் இங்கே விண்ணப்பம் என்பது தாள் கட்டு. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷுஃபா என்கிற கடன் நாணயச் சான்று, பாஸ்போர்ட் நகல், பழைய உரிமையாளரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். எல்லோரும் அதே தாளைத்தான் தருகிறார்கள், அதனால் இயந்திரம் தரலாம். முன்பணமும் சட்டப்படி மூன்று மாத 'குளிர் வாடகை'க்கு மேல் கேட்க முடியாது (வெப்பம், தண்ணீர்ச் செலவு சேராத வாடகைக்கு இங்கே அப்படிப் பெயர்), அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். 2015இலிருந்து, புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவர்தான் கூலி கொடுக்க வேண்டும்.

கோவையில் நான் பார்த்தவரை யாரும் தாள் கேட்டதில்லை. "எந்த ஊருங்க, எத்தன பேருங்க, என்ன வேலைங்க" என்று போனில் கேட்பார்கள். இதை எப்படி பிளேரைட் அழுத்தும்?

எனக்கே அந்தத் தானியங்கிப் பகுதி ஒருமுறை வினையானது. என்னுடைய வார்ப்புருவில் உரிமையாளரின் பெயர் வரும் இடத்தில், அதற்காக நிரலில் வைத்திருந்த குறிச்சொல்லே அப்படியே போய்விட்டது. 'மதிப்பிற்குரிய அடைப்புக்குறி பெயர் அடைப்புக்குறி அவர்களுக்கு' என்று பதினேழு பேருக்கு. ஒருவர் மட்டும் பதில் போட்டார், சிரிக்கும் முகம் ஒன்று.

வடவள்ளி_மாடிவீடு · வியாழன், காலை 8.20

தம்பிகளா, என் மகள் இந்த இழையைக் காட்டினாள். நான் மேல்மாடியை வாடகைக்கு விடுகிறவன், உங்கள் கருவி தட்டுகிற கதவு என்னுடையது. போன சித்திரையில் முதல் முறையாக ஆன்லைனில் போட்டேன். ஒரே நாளில் நாற்பத்து மூன்று செய்தி. அதில் பதினொன்று எழுத்துக்கு எழுத்து ஒன்று, 'உங்கள் வீட்டில் எனக்கு ஆர்வம் உள்ளது, விவரம் தரவும்' என்று. விவரம் எல்லாம் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன், படித்தவன் இப்படிக் கேட்பானா? ஒன்றுக்கும் பதில் போடவில்லை. புரோக்கர்கள் வேறு, 'நானே ஆள் கொண்டுவருகிறேன், ஒரு மாத வாடகை கொடுங்கள்' என்று. இரண்டாம் நாளே விளம்பரத்தை எடுத்துவிட்டு, கேட்டில் அட்டையில் எழுதிக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் தெருவில் நடந்துபோன ஒரு பிள்ளை மணி அடித்துக் கேட்டான். "சிறுவாணித் தண்ணிங்களா?" என்று முதல் கேள்வி. அவனுக்கே கொடுத்தேன்.

நான் எதைப் பார்ப்பேன் என்றால், பேச்சில் அவசரம் இருக்கிறதா, மாடிப்படியில் வண்டியை நிறுத்துவானா, மாதம் ஐந்து தேதிக்குள் வாடகை வருமா. இதை எல்லாம் எந்தப் படிவத்தில் கேட்பது?

குறிச்சிக்குளம் · வியாழன், காலை 10.48

ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். பேச்சில் பார்ப்பது அவசரத்தை மட்டும்தானா? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். "சொந்த ஊர் எது" என்பார்கள், சொல்வேன். "அங்க எந்தப் பக்கம்" என்பார்கள். "எந்தத் தெரு", அப்புறம் "நீங்க என்ன ஆளுங்க". சொன்னதும் வீடு 'முடிஞ்சுதுங்க'. முகம் கோணாமல், ஒரு 'ங்க'வைக்கூட விடாமல் சொல்வார்கள். நம்ம ஊர் மரியாதை.

எனக்கும் ஒரு கருவி இருக்கிறது, டூலெட்_தேடி அளவுக்குப் பெரியது இல்லை, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் விளம்பரப் பக்கத்தை அவ்வப்போது பார்க்கிற சேஞ்ச்டிடெக்ஷனும்தான். 'முடிந்தது' என்று எனக்குச் சொன்ன தேதியை ஒரு நெடுவரிசையில் போட்டு, விளம்பரம் எப்போது போகிறது என்று அதைப் பார்க்கவிட்டேன். ஆறு வீட்டில் நாலு வீட்டின் விளம்பரம் இரண்டு வாரம் கழித்தும் இருந்தது. ஒன்றில் வாடகையை ஆயிரம் ரூபாய் குறைத்திருந்தார்கள்.

ஆகவே தானாக விண்ணப்பம் அனுப்புகிறவர் பெயரையும் வேலையையும் மட்டும் எழுதி அனுப்பட்டும், அது எனக்குப் பிடித்தமானதுதான். தாளில் முடிவு செய்கிற ஊரில் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

பெர்லின்ல_ஒரு_பொள்ளாச்சி · வியாழன், மதியம் 12.30

@குறிச்சிக்குளம் தாளிலும் பெயர் இருக்கிறதே நண்பரே. இங்கே என் பெயரைப் பார்த்ததும் பதில் வராத வீடுகள் நிறைய. இங்கே என் நண்பர் ஒருவர் தன் ஜெர்மன் மனைவி பெயரில் அதே வார்ப்புருவை அனுப்பிப் பார்த்தார், பதில் வந்தது. ஆனால் நீங்கள் சொன்ன அந்த 'ங்க' வலிக்கிறது.

வடவள்ளி_மாடிவீடு · வியாழன், இரவு 9.05

குறிச்சிக்குளம் தம்பி, கேட்டது சரிதான். என் தெருவில் அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் முன்பு கேட்டவன். இப்போது கேட்பதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. சித்திரையில் வந்த பிள்ளையிடம் கேட்கவில்லை, அது மட்டும் சொல்கிறேன்.

செமிகோலன் · வியாழன், இரவு 9.40

வேலைக்கு வருவோம். @டூலெட்_தேடி, மாடிவீட்டு ஐயா சொன்னதில் ஒரு தரவு மூலம் ஒளிந்திருக்கிறது. நல்ல வீடு கேட்டில் தொங்குகிற அட்டையில் இருக்கிறது, ஆன்லைனில் இல்லை. அதை உள்ளே கொண்டுவாருங்கள். வண்டியில் போகும்போது போர்டைப் படம் எடுத்து உங்கள் டெலிகிராம் பாட் (தானியங்கி) கணக்குக்கு அனுப்புங்கள், படத்தில் இருக்கிற ஜிபிஎஸ்ஸே முகவரி. கவனம்: டெலிகிராமில் 'படம்' என்று அனுப்பினால் சுருக்கி, எக்ஸிஃப் தகவலை (படத்தோடு வரும் ஜிபிஎஸ் போன்ற விவரம்) எடுத்துவிடும். 'கோப்பு' என்று அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, அந்த பாட் கணக்குக்காக வெளியிலிருந்து வீட்டு இணையத்துக்குள் வர வழி (போர்ட்) திறக்கத் தேவையில்லை. லாங் போலிங் முறையில் உங்கள் ராஸ்பெரி பையே வெளியே போய்ப் 'புதிய செய்தி உண்டா' என்று கேட்கிறது, அதனால் ஃபைபர் இணைப்பில் சிஜிநாட் (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி) இருந்தாலும் ஓடும்.

பனியன்துணி · வெள்ளி, காலை 8.55

அப்படியே வாட்ஸ்அப் புரோக்கர் குழுக்களையும் சேருங்கள். ஆனால் தானியங்கி லைப்ரரி எதையும் அந்தக் கணக்கில் மாட்டாதீர்கள், எண்ணையே முடக்கிவிடுவார்கள், அந்த எண்ணில்தான் ஆபீஸ், வங்கி எல்லாம் இருக்கும். சாயந்திரம் ஒருமுறை குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்தால் சாதாரண உரைக் கோப்பாக வரும், அதைப் பைக்குத் தின்னக் கொடுங்கள்.

டூலெட்_தேடி · ஞாயிறு, இரவு 11.20

இரண்டையும் செய்துவிட்டேன். வாட்ஸ்அப் கோப்பில் புரோக்கர்கள் எழுதுகிற மொழி தனி. '2 பிஹெச்கே 14ரூ அட் 1ல நதண்ணி உண்டு பேமிலி ஒன்லி'. அதாவது இரண்டு படுக்கையறை, வாடகை பதினாலாயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம், நல்ல தண்ணி உண்டு, குடும்பத்துக்கு மட்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவம் தேடும் விதி) எழுதிப் பாதியில் கைவிட்டேன். மடிக்கணினியில் ஒல்லாமா போட்டு, அதில் ஓடும் ஒரு சின்னச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் 'வாடகை, அட்வான்ஸ், தண்ணி, மீட்டர் தனியா' என்று பிரிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் பிரித்தது, ஆனால் அட்வான்ஸ் எழுதாத விளம்பரத்திலும் அட்வான்ஸ் போட்டுக் கொடுத்தது. கேட்டால் வாடகையைப் பத்தால் பெருக்கிவிடுகிறது! நம்ம ஊர் வழக்கத்தை எங்கேயோ கற்றிருக்கிறது. இப்போது ஒவ்வொரு பதிலோடும் மூலச் செய்தியிலிருந்து அதற்கான துண்டை அப்படியே எடுத்துத் தரச் சொல்கிறேன், அந்தத் துண்டு செய்தியில் இல்லை என்றால் அந்தக் கட்டம் காலி. பொய் பெரும்பாலும் நின்றுவிட்டது.

'மீட்டர் தனியா' என்பது முக்கியம், விட்டுவிடாதீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று இலவசம் உண்டு, ஆனால் கீழே மேலே இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைப்பு வைத்து, சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வாங்கினால் அந்த இலவசம் நமக்கு வராது.

அப்புறம் வெள்ளிக்கிழமை எங்கள் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் இல்லை. பையை இன்வெர்ட்டரில் மாட்ட மறந்திருந்தேன். எஸ்டி கார்டு போயே போய்விட்டது. காப்புப் பிரதி நாலு நாள் பழையது. இப்போது அதற்குப் பதில் எஸ்எஸ்டி வட்டு.

சட்டப்புள்ளி · திங்கள், காலை 7.30

அட்வான்ஸ் பேச்சு வந்ததால். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைதான். அந்த 'வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை' என்ற வாசலில்தான் பத்து மாதம் நுழைகிறது. எனவே சட்டப் புத்தகத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது, பேரம் பேசலாம். பதினொரு மாத ஒப்பந்தம் என்றாலும் இந்தச் சட்டத்தில் எழுதிக்கொண்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். இந்த ஒரு விண்ணப்பத்தைத் தானியங்கி ஆக்கினால் உங்களுக்குக் கோவில் கட்டலாம்.

டூலெட்_தேடி · ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4.15

வீடு கிடைத்துவிட்டதுங்க. நேற்றுப் பால் காய்ச்சினோம். காளப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, தனி மீட்டர், வாடகை பதினைந்தாயிரம், அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்டு நாலில் முடிந்தது.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். கருவி ஐந்து வாரத்தில் 412 விளம்பரம் படித்தது. ஒரே வீடுகளைச் சேர்த்தபின் 231. நேரமும் வாடகையும் பார்த்துக் கழித்தபின் எங்களுக்கு வந்தவை 38. அதில் நேரில் போய்ப் பார்த்தது 9. முன்பு ஒவ்வொரு ஞாயிறும் நாலைந்து வீட்டுக்கு வெயிலில் அலைந்தோம், இப்போது மொத்தமாகவே ஒன்பதுதான். ஒன்றும் பிடிக்கவில்லை.

பத்தாவது, வீட்டம்மா பள்ளி விட்டு வரும் வழியில் எடுத்த போர்டுப் படம். சுண்ணாம்புச் சுவரில் கரியால் எழுதியிருந்தது, எண்ணில் ஒரு இலக்கம் மழையில் கரைந்திருந்தது, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரல்) அதை 1 என்று படித்தது, உண்மையில் அது 7. யாரோ ஒரு தாத்தாவுக்கு மூன்று முறை போன் போட்டுவிட்டோம், பாவம். கடைசியில் எதிரில் இருந்த அயர்ன் வண்டிக்காரர்தான் சரியான எண்ணைச் சொன்னார். போன் செய்தது நான் இல்லை, வீட்டம்மா. வீட்டு உரிமையாளர் அம்மா எடுத்ததும், "டீச்சருங்களா, வாங்க கண்ணு, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த உரையாடலில் 'என்ன ஆளுங்க' வந்தது. "அது எதுக்குங்க" என்று வீட்டம்மா கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம், "சரி, சும்மாதான் கேட்டேன், அட்வான்ஸ் எப்பத் தருவீங்க" என்றாராம். @குறிச்சிக்குளம், எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை என்று தெரியும். உங்கள் நெடுவரிசையை என் கருவியிலும் சேர்த்தேன், யார் எடுத்து ஓட்டினாலும் அது இருக்கும்.

தானாக அனுப்பும் பகுதியை எழுதி முடித்திருந்தேன், ஒருமுறைகூட ஓட்டவில்லை. இப்போது அந்த இடத்தில் செய்தியின் கடைசி வரியாக +91 சேர்த்து எண் மட்டும் வருகிறது, தொட்டால் அழைப்பு போகும். உரிமையாளர் எண்கள் இருந்த அட்டவணையை இன்று காலை அழித்தேன்.

குறிச்சிக்குளம் · சனி, மாலை 5.02

வாழ்த்துகள். கருவியின் நிரலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு இன்னும் முடியவில்லை.

டூலெட்_தேடி · சனி, மாலை 5.20

தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பகுதிப் பெயர்ப் பட்டியலில் போத்தனூர், குனியமுத்தூர் பக்கம் சரியாக இல்லை, அதை மட்டும் நீங்கள் நிரப்ப வேண்டும். ஞாயிறு மதியம் வருகிறேன், உங்கள் பக்கத்துத் தெருக்களில் வண்டியில் ஒரு சுற்று போய் போர்டு எடுப்போம்.

ஈரோட்டு_மஞ்சள் · சனி, இரவு 8.11

அப்போ அந்தப் பை சும்மாதானே இருக்கிறது, விற்கிறீர்களா?

டூலெட்_தேடி · சனி, இரவு 8.30

இல்லீங்க. புது வீட்டில் நல்ல தண்ணி எந்த நாளில் வருகிறது என்று அந்த அம்மாவுக்கே சரியாகத் தெரியவில்லை. தொட்டியில் ஒரு சென்சாரை மாட்டி அதை எண்ண விட்டிருக்கிறேன்.